எறும்பு வராத இடம்

காலாண்டு லீவுக்குப் பத்து நாள்
தேவகோட்டை இல்லத்திலிருந்து
வந்திருக்கிறாள் ஜெனோவா.
தன் தட்டைக் கழுவுகிறாள்,
பிறகு எங்கள் தட்டுகளையும்.
வை தாயீ என்றால்
"பரவால்லைங்க ஆச்சி."

மூன்றாம் நாள் காலை உமையாள் கத்தினாள்.
தலையணை உறைக்குள் இரண்டு கந்தரப்பம்,
சுற்றிலும் எறும்பு.

நான் போவதற்குள்
சாத்தப்பன் அவளை இழுத்துப்போயிருந்தான்
பழைய கிரைண்டருக்குப் பின்னால்.
"இங்க வைக்கா. எறும்பு வராது."
ஹார்லிக்ஸ் டப்பா. இறுக்கமான மூடி.

இவனைப் பிள்ளை கூட்டி நாலு வருஷம்.
ஒளித்துவைக்கும் பழக்கம்
ரெண்டே மாசத்தில் போச்சு என்று
புதுவயல் முழுக்கச் சொல்லியிருக்கிறேன்,
கல்யாணப் பந்தியில்கூட.

"அம்மாவுக்குத் தெரியுமா?"
"தெரியாது."
கதவுக்கு இந்தப் பக்கம்
துவரம்பருப்புப் படியோடு நின்றேன்.
இருமல் வந்தது. விழுங்கினேன்.

ஞாயிறு நாலு மணி பஸ்ஸில்
அவளை ஏற்றிவிட்டு வந்து
டப்பாவைத் திறந்தேன்.
மூன்று சீப்புச்சீடை.
வழிக்கென்று நான் கட்டிக்கொடுத்தது.
மறந்தாளா,
அவனுக்கு வைத்தாளா,
இல்லை
அரையாண்டு லீவுக்கா?

மூடியை
முன்பிருந்ததைவிட இறுக்கித் திருகினேன்.