உறைநிலை

ஐந்து நிமிடம் கலக்க வேண்டும் என்பது விதி.
தொட்டிக்குள் துடுப்பு சுற்றுகிறது.
எவரிஷ்டுவும் நானும் பேசாமல் நிற்க
அது நீண்ட நேரம்.
வெளியே டெர்செய்ராத் தீவின் மூடுபனி,
கல்வேலிக்குள் நனைந்த பசுக்கள்.

போன மாதம் அவர் பாலுக்கு வந்த எண்
மைனஸ் பூஜ்யம் புள்ளி நாலு ஒன்பது எட்டு.
தண்ணீர் பூஜ்யத்திலேயே உறைந்துவிடும்.
பால் இன்னும் கொஞ்சம் குளிர் கேட்கும்.
அந்தக் கொஞ்சத்தில் கொஞ்சம் குறைந்திருந்தது.
லிட்டருக்கு மூன்று சென்ட் பிடித்தார்கள்.

"நான் கலக்கவில்லை, இடலினா."
வெளுத்ததெல்லாம் பாலென்று நம்புவதற்கு
எனக்கு யாரும் சம்பளம் தருவதில்லை.
ஆனாலும் இன்று கறவைக் குழாயை அண்ணாந்து பார்த்தேன்:
இரண்டு கொக்கிகளுக்கு நடுவே
சினைமாட்டு வயிறாய்த் தொங்கியது.

"கழுவியபின் இதைத் தூக்கி வடிப்பது யார்?"

யோசித்தார்.
"சுல்மிரா ஏதோ செய்வாள்,
கறவைக்கு முன்னால்.
என்னவென்று கவனித்ததில்லை."

சுல்மிரா மார்ச்சில் டொரன்டோ போனாள்,
மகளிடம்.
திரும்பும் தேதி சொல்லவில்லை.

தோளைக் கொடுத்துக் குழாயை உயர்த்தினார்.
மறுமுனையில், அவர் பூட்ஸின் மேலேயே,
அரை வாளித் தண்ணீர்.
நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

துடுப்பு நின்றது.
அகப்பையை முக்கி
குப்பியை முக்கால்வரை நிரப்பினேன்.
இதில் இருப்பது நேற்றைய தண்ணீர் சேர்ந்த பால்.
எனக்குத் தெரியும், அவருக்கும்.

தேதி. பண்ணை எண். என் கையெழுத்து.
பனிப்பெட்டியின் மூடியை
அவரே திறந்து பிடித்தார்.