வெள்ளம் கண்டோ

களியக்காவிளைச் சந்தைக்குப் பின்னால்
என் கடைக்கு இரண்டு மின்சாரம்.
முன்னறைக்கு இந்த மாநிலத்துக் கம்பி.
பின்னறை பிறகு வாடகைக்கு எடுத்தது,
அந்த மாநிலத்துக் கம்பியோடு வந்தது.
நடுவில் ஒரு படி. புதிதாக வருகிறவர்கள் தடுக்கி விழுவார்கள்.

முன்னறையில் மூன்று கணினி, கிரானைட் என்ஜின் ஆட்டம்.
பின்னறையில் இரண்டு, வெஸ்பர்.
திட்டமிட்டுப் பிரிக்கவில்லை;
புதுக் கார்டு வாங்கிய அன்று அங்கேதான் மேசை காலி.

படந்தாலுமூட்டு ஜெனிஷ் கிரானைட் கட்சி.
பாறசாலை ஷிஜு வெஸ்பர்.
மணிக்குப் பதினைந்து ரூபாய் கொடுத்துவிட்டு
பாதி நேரம் ஆடாமல் வழக்காடுவார்கள்.

"சேச்சி, வெள்ளம் கண்டோ" என்பான் ஷிஜு.
வெள்ளமென்றால் எனக்கு ஊர் மூழ்க வேண்டும்,
அவனுக்கு ஒரு குவளை போதும்.
பார்த்தேன். துப்பாக்கி முனைக்குக் கீழே ஒரு குட்டை.
அதில் தலைகீழாக ஒரு விளக்கு,
விளக்கில் முட்டும் பூச்சி,
முட்டும்போதெல்லாம் குட்டையிலும் ஒரு நடுக்கம்.
காலை வைத்தால் வட்டம் விரிந்து
கரையைத் தொட்டுத் திரும்புகிறது.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
வாய் கொஞ்சம் திறந்திருக்கும்.

"எக்கா, அவன அந்தக் கதவத் தொறக்கச் சொல்லுங்க,"
படிமேல் நின்று ஜெனிஷ்.
திறக்காது.
கைப்பிடியில் துரு, துருவில் ஈரம்,
ஈரத்தில் யாரோ ஒருவனின் விரல் ரேகை.
திறக்காது.
சுட்டால் எதிரி அரை நொடி யோசித்துவிட்டுச் சாகிறான்.
அந்த அரை நொடியில் அவன் நெற்றி வேர்வை மின்னுகிறது,
அழகுதான்,
அதற்குள் நான் செத்திருப்பேன்.

கிரானைட்டில் சுவர்கள் மோசம்.
ஏழு செங்கல்லுக்கு ஒரு தடவை அதே பாசிக் கறை.
வானத்தை மூலையில் தைத்த இடம் தெரியும்.
தண்ணீரா? கொடியில் காயும் நீல லுங்கி.
ஆனால் எல்லாக் கதவும் திறக்கும்.
சுவரோரம் சாய்ந்து ஒற்றைக் கண்ணால் எட்டிப் பார்க்கலாம்.
தகரத்தில் நடந்தால் தகரம் கேட்கும், சல்லியில் சல்லி.
மாடியில் வருகிறவனை ஜெனிஷ்
கண்ணை மூடிக்கொண்டு கூரை வழியாகவே அடிப்பான்.
துப்பாக்கி உதைக்கும்;
மவுஸ் பிடித்த எனக்குத் தோள் வலிக்கும்.

தீர்ப்புக்கு ஒரு சனிக்கிழமை குறித்தார்கள்.
இரண்டிலும் ஒரே கிடங்கு, ஆறு தூண், ஒரு லிப்ட்.
அதில் ஒரு மணி நேரம், இதில் ஒரு மணி நேரம்,
நான் ஆட வேண்டும்.
எட்டுப் பேர் நின்றார்கள், போதாததற்கு
வாழைக்குலை இறக்கிவிட்டு வந்த லாரிக்காரர் ஒருவர்.

கிரானைட்டில் பதினொரு பேரைக் கொன்றேன்,
எதையும் பார்க்கவில்லை.
படியிறங்கி வெஸ்பரில் ஒன்பது தடவை செத்தேன்,
ஒவ்வொரு தடவையும்
எதையோ பார்த்துக்கொண்டு நின்றதால்.

பதினெட்டாவது நிமிடம் முன்னறை அணைந்தது.
எல்லோரும் பின்னறைக்கு நெருக்கியடித்தார்கள்.
திரைக்குள் ஆடும் விளக்கு
ஜெனிஷ் கன்னத்தில் ஏறி இறங்கியது,
மூக்கின் நிழல் இடமும் வலமுமாக.

"அந்த லிப்ட் எங்க போவுது?" என்றார் லாரிக்காரர்.
"எங்கயும் போவாது," ஜெனிஷுக்கு ஒரே சந்தோஷம்.
"பின்ன எதுக்கு அதுக்குள்ள லைட்டு?"
ஷிஜு நகத்தைக் கடித்தான்.

அப்புறம் அந்த மாநிலமும் போனது,
அரைமணி நேர வெட்டு, சொல்லிவைத்த மாதிரி.
யாரோ படியில் தடுக்கி, கெட்ட வார்த்தை ஒன்று,
எந்த மொழி என்று தெரியவில்லை.

செக்போஸ்டில் ஒரு வண்டி திரும்பியது.
ஜன்னல் கம்பிகளின் நிழல்
கூரையில் நீண்டு, மடங்கி, சுவரிறங்கி
எங்கள் எல்லோர் மேலும் ஓடிப் போனது.

"ஒரு ஃப்ரேம்கூட விழல, பாத்தியாலே," இருட்டில் ஜெனிஷ்.
ஷிஜு பதில் சொல்லாமல் எழுந்து
கதவைத் திறந்தான்.
திறந்தது.

தீர்ப்பு இன்னும் பாக்கி.
மீதி நாற்பத்திரண்டு நிமிடத்துக்கு
இருவருமே காசு திருப்பிக் கேட்டார்கள்.
ஆடியது நானாம். அதனால்
நான்தான் எனக்குக் கொடுக்க வேண்டுமாம்.