பச்சையில் ஊதாக் கோடு

ஆனிச் சாரல்.
கோட்டைவாசல் இறக்கத்திலிருந்தே
பிரேக் லைட் இல்லாமல் வந்திருக்கிறது
அறுபத்தெட்டாம் வருஷத்து அம்பாசடர்.
எஸ் வளைவில் இடிக்கத் தெரிந்த சிமெண்ட் லாரிக்காரன்
கெட்ட வார்த்தையைப் புளியரை வரை சூடு ஆறாமல் கொண்டுவந்து
என் கடை வாசலில் இறக்கிவிட்டுப் போனான்.

ஓட்டி வந்தவர் ஏலியாம்மா.
புனலூரில் ஓமியோபதி பார்க்கிறவர்,
நோய்க்குறி சொல்லத் தெரிந்தவர்.
பிரேக்கைச் சவுட்டினால் வைப்பர் பாதிக் கண்ணாடியில் நிற்கும்,
பெட்ரோல் முள் படுத்துவிடும்,
ஹாரன் மட்டும் அடிக்கும்.

ஒரு ஃபியூஸில் நாலு குடித்தனம்.
ஒருத்தன் செய்கிற தப்புக்கு நாலு வீடும் இருட்டு.

மின்சாரமும் செக்போஸ்ட்டுக்குப் பயந்த லாரிதான்.
பல்புக்குள் நுழைந்து வரி கட்டிப் போக வேண்டியது
எங்கேயோ குறுக்குப் பாதையில்
தகரத்துக்குள் இறங்குகிறது.
எங்கே என்பதுதான் கூலி.

கண்ணாடிக்குழல் ஃபியூஸ் தென்காசியிலும் கிடைப்பதில்லை.
என்னிடம் இருப்பது ஒன்று.
அதை எடுத்துவைத்துவிட்டு
அந்த இடத்தில் ஒரு பழைய பல்பைக் கோத்தேன்.
ஷார்ட் இருக்கும்வரை முழுசாக எரியும்,
போனால் மங்கும்.
என் தொழிலில் வெளிச்சம் கெட்ட செய்தி.

"சவுட்டுங்க."
எரிந்தது.
"விடுங்க."
அணைந்தது.

பின்சீட்டைக் கழற்றினேன்.
இரண்டு ஹேர்பின், ஒரு கொல்லம் பஸ் டிக்கெட்,
பச்சையில் ஊதாக் கோடு போட்ட ஒயர்.
அரை நூற்றாண்டு அழுக்கில் எல்லா ஒயரும் ஒரே நிறம்,
எச்சில் தொட்டுத் தேய்த்தால்தான் ஊர் பேர் சொல்லும்.
வீல் மேடு வரை பழுதில்லை.

டிக்கியில் இரண்டு பலாப்பழம்,
கொக்கியில் கயிறு போட்டுக் கட்டியது.
டீக்கடை ஜமாலும் நானும் இறக்கிவைத்தோம்.
"சவுட்டுங்க."
பல்பு மங்கிவிட்டது.

நான் இன்னும் எதையும் தொடவில்லை.

"சரியாச்சே" என்றான் ஜமால்.
"தானே போன தீனம் தானே வரும்" என்றார் ஏலியாம்மா
காலை எடுக்காமல்.

பழத்தை ஏற்றினோம். எரிந்தது.
இறக்கினோம். மங்கியது.
மறுபடி ஏற்றினோம்.
செக்போஸ்ட் காவலர் குடையோடு வந்து நின்றுவிட்டார்.
"பழத்துல கரண்டா?"
யாரும் பதில் சொல்லவில்லை.
சொல்கிற நிலைமையில் நானும் இல்லை.

டிக்கிக்குள் தலையை விட்டுப் படுத்தேன்.
பலாவாசம், பெட்ரோல் வாசம், என் முதுகில் சாரல்.
கயிறு கொக்கியை இழுக்கிறது,
கொக்கி தன் ஸ்க்ரூவைச் சாய்க்கிறது,
ஸ்க்ரூவின் கூர் தகரத்துக்கு அந்தப் பக்கம்
ஒயரின் தோலில் ஒரு பல் பதித்திருக்கிறது.
அரை இஞ்ச் போதுகிற இடத்தில் ஒன்றரை இஞ்ச்.

"யார் அடிச்சது?"
சற்று நேரம் வைப்பர் சத்தம் மட்டும்.
"உருளுதுன்னு... ஞான்தான்.
போன மாசம்."

வெட்டி, ஈயம் வைத்து, குழாய் மாட்டி
ஒயரை மேலாக ஏற்றிக் கட்டினேன்.
கொக்கிக்குக் குட்டை ஸ்க்ரூ.
பல்பைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டேன்,
நெஞ்சில் சுட்டது.
இருந்த ஒரே ஃபியூஸை மாட்டினேன்.
ஈர ரோட்டில் இரண்டு சிவப்பு நீளமாக விழுந்தன.
"எரியுது, எரியுது" என்று ஜமால் கத்தினான்,
ஏதோ தீ பிடித்த மாதிரி.

முன்னூறு ரூபாயும் ஒரு பழமும் கொடுத்தார்.
"வருக்கையாக்கும்" என்றார்.
செங்கோட்டைத் திருப்பத்தில் ஒருமுறை மிதித்துக் காட்டிப் போனார்.

ராத்திரி வெட்டினேன்.
கூழன்.
ஒயரை எச்சில் தொட்டுப் பார்த்தவன்
பழத்தை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்திருக்கலாம்.