கயிறு தள்ளாது

முதல் ஓட்டத்தில்
கயிறு கப்பலைத் தள்ளிக்கொண்டிருந்தது.

எட்டாம் இலக்கக் கயிறு. நைலோன்.
பதினொரு கிலோநியூற்றன் அமுக்கம் என்று
அட்டவணை பச்சை எழுத்தில் சொன்னது,
கூச்சமேயில்லாமல்.
நான்கு வினாடியில் வந்த விடை.
மென்பொருளைக் குறை சொல்ல ஏலாது.
இது கம்பி என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன்,
இழுத்தாலும் தள்ளினாலும் ஒரே நேர்கோடு என்று.

ஜன்னலுக்கு வெளியே உட்துறைமுகம்.
மூதூர்ப் படகை இரவுக்குக் கட்டியாயிற்று.
அது எழும்பித் தாழ்கையில்
ஒரு கயிறு விறைக்கிறது,
மற்றது தொய்ந்து தண்ணீரை நக்குகிறது.
தொய்ந்த கயிறு ஒன்றும் செய்வதில்லை.
ஒன்றும் செய்யாமலிருப்பதை
எந்தக் கட்டத்தில் நிரப்புவது?

கிண்ணியாவிலிருந்து ஹபீல் எடுத்தான்:
"காத்துக்கு ஒண்டு, அலைக்கு ஒண்டு ஓட்டுங்க மிஸ்.
பிறகு ரெண்டையும் கூட்டிப் போடுங்க.
விடிய எட்டு மணிக்குக் கொழும்பு கேக்கும்."

கூட்ட ஏலாது, ஹபீல்.
டயருக்கு அமுக்கம் மட்டும்தான் தெரியும்,
விலகிப் போகிற கப்பலின் கையை அது பிடிக்காது.
இரண்டுக்கும் நடுவே நாற்பது மில்லிமீற்றர் வெளி.
நாற்பது வரைக்கும் உலகத்தில் ஒன்றும் நடப்பதில்லை.
நாற்பத்தொன்றில் நடக்கிறது.
காற்று தனியே அடித்தால் வெளி மூடாது,
அலை தனியே தள்ளினாலும் மூடாது.
சேர்ந்து வந்தால்
சைபரும் சைபரும் நூற்றிருபது கிலோநியூற்றன்.

"அப்ப கணக்கே பிழையா?" என்றான்.
கூட்டல்தான் பிழை, என்றேன்.

இரண்டாம் ஓட்டம்.
கயிற்றுக்கு இழுவை மட்டும். டயருக்கு அமுக்கம் மட்டும்.
சுற்று ஒன்று: எட்டு தள்ளப் பார்க்கிறது, கழற்று.
சுற்று இரண்டு: எட்டு இல்லாமல் கப்பல் திரும்பி
ஐந்து தொய்கிறது, அதையும் கழற்று.
சுற்று மூன்று: இப்போது எட்டு வேண்டும், கட்டு.
முப்பத்தேழில் கழற்று.
முப்பத்தெட்டில் கட்டு.
பிளேன்ரீ ஆறி ஆடை பிடித்து
பன்னிரண்டரைக்குச் சிவப்பில் ஒரு வரி:
தீர்வு ஒருங்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் இதற்குத் தாயம் என்று பெயர்.
நிரல், நிரை, அடைப்புக்குறி.
பெயரைக் கேட்டுச் சிரித்த வகுப்பு எங்களுடையது.
இப்போது உருட்டிக்கொண்டிருக்கிறேன், விழமாட்டேன் என்கிறது.

டோர்ச்சோடு கீழே இறங்கினேன்.
காவலுக்கிருந்த மரியசீலன் ஒன்றும் கேட்கவில்லை,
போனில் கிரிக்கெட்.
வெளிச்சத்தைத் தொய்ந்த கயிற்றில் பிடித்தேன்.
நடுவில் வளைந்து, நனைந்து,
பாசியோடு தன் பாரத்தைத் தானே தூக்கிக்கொண்டிருந்தது.
கையை வைத்தால் ஒரு சின்ன இழுவை,
ஆட்டுக்குட்டியைப் பிடித்திருக்கிற அளவு.
சைபர் இல்லை.
நான் சைபர் என்று கொடுத்திருந்தேன்.

மேலே வந்து கயிறுகளுக்கு எடை கொடுத்தேன்.
சுமையை ஒரேயடியாய்ப் போடாமல்
இருபது படியாய்.
பிறகு, இதுவரை கவனியாத ஒரு பெட்டி,
தானாகவே சரி போட்டிருந்தது:
'சுமையற்ற நிலையிலிருந்து தொடங்கு.'

சிரிப்பு வந்தது.
சுமையற்ற நிலையிலிருந்து, திருகோணமலையில்.
இந்தப் பழைய தூண்கள்
அந்த டிசம்பர் ஞாயிறை வாங்கியவை.
அதற்கு முந்தியவற்றை
எந்தச் சுமைச் சேர்க்கையிலும் எழுதவில்லை யாரும்.
அளவெடுத்தபோது மூன்றாம் தூண்
பத்தொன்பது மில்லிமீற்றர் சாய்ந்திருந்தது.
பெட்டியில் சரியை எடுத்தேன்.
பத்தொன்பது என்று அடித்தேன்.

மூன்று நாற்பதுக்கு ஒருங்கியது.
எட்டாம் கயிறு: இழுவை, புள்ளி நான்கு.
அவ்வளவுதான் அதன் வேலை, அந்தக் காற்றில்.
மூன்றாம் தூணுக்குக் கீழ் வளை போதாது,
முதல் ஓட்டத்தில் அது போதுமாயிருந்தது.

இன்னும் பத்துச் சேர்க்கை.
ஒன்றின் விடை மற்றதற்கு உதவாது,
ஒவ்வொன்றையும் முதலிலிருந்து.
ஹபீலுக்கு எழுதினேன்: எட்டு மணிக்கு இல்லை.
பின்னேரம் பார்க்கலாம்.
கொழும்பு ஏசும், ஏசட்டும்.

வெளியே முதல் படகுக்குக் கயிறு அவிழ்க்கிறார்கள்.
மற்றக் கயிறு விறைத்து
ஒருமுறை கிறீச்சிட்டது.