இரண்டாம் கேள்வி, ஆ பிரிவு

ரூபகாந்தனின் கொமினிகேசனில்
மின்விசிறி ஒரு பக்கம் மட்டும் திரும்பும்.
அந்தப் பக்கத்தில் பிரிண்டர்.
எனக்கு வேர்வை.

ஒட்டுசுட்டான் சந்தி, மத்தியானம்.
முல்லைத்தீவு பஸ் போன பிறகு வருகிற அமைதியில்
திரையை என் பக்கம் திருப்புகிறான்:
எந்த நாட்டிலாவது, எப்போதாவது,
அனுமதித்த காலத்தைத் தாண்டித் தங்கியிருக்கிறீர்களா?
ஆம். இல்லை.
இரண்டு பெட்டி, பயற்றங்கொட்டை அளவில்.

"இல்லையெண்டு போடுங்கோ அக்கா.
மலேசியா எங்க, கனடா எங்க.
ஆர் போய்ப் பாக்கப்போறான்?
பாஸ்போட்டும் புதுசுதானே."

புதுசுதான்.
பழையது மூலை வெட்டுப்பட்டு
அம்மாவின் சீலைப் பெட்டிக்குள் கிடக்கிறது,
பதினேழாம் பக்கத்தில் ஒரு நீல முத்திரையோடு.

முப்பது நாள் தந்தார்கள்.
நூற்றியொரு நாள் இருந்தேன்.
அதை எப்படி எழுதுவது?
கிள்ளானில் ஒரு தளபாடக் கடைக்கு மேல்மாடி,
பதினொரு பேருக்கு ஒரு கக்கூசு,
படகு வெள்ளிக்கிழமை என்று சொல்லி
எங்கள் பாஸ்போட்டுகளைச் சொப்பிங் பையில் அள்ளிப்போனவன்,
அவன் வராத வெள்ளிக்கிழமைகள்.
பிறகொரு விடியற்காலை பை மட்டும் வந்தது,
கதவுப் பிடியில் கொழுவியபடி.
தண்டப் பணத்துக்குத் தம்பி மோட்டார்சைக்கிளை விற்றான்.
அது லீசிங்கில் இருந்ததென்று
வாங்கினவன் வந்து கத்தின போதுதான் எங்களுக்குத் தெரியும்.

இதெல்லாம் விசா அதிகாரிக்கு வேண்டாம்.
அவருக்கு ஒரு பக்கக் கடிதம் போதும்.
முப்பத்தொரு வயதில் நில அளவை டிப்ளோமா எதற்கு,
முடிந்ததும் திரும்பி வருவதற்கு என்ன ஆதாரம்.
காணி காட்டலாம் என்கிறான் ரூபகாந்தன்.
இருக்கிற காணிக்கு உறுதி இல்லை.
உறுதி இருக்கிற காணிக்குள் ஆமி இருக்கு.
"அவைக்கு எத்தினை நாள் விசா அக்கா?"
சிரிக்கிறான்.
பின்னால் போட்டோக்கொப்பிக்கு ஆட்கள் நின்றார்கள்.
நான் சிரிக்கவில்லை.

ஆறு வருசமாகக் கண்ணிவெடி எடுக்கிறேன்.
காலை ஆறரைக்குக் கவச அங்கி,
முகத்துக்கு முன்னால் கண்ணாடித்தகடு,
முழங்காலில் நின்று நாளுக்குச் சில மீற்றர்.
அங்கே இல்லை என்பது
சும்மா வாயில் வருகிற சொல் அல்ல.
கருவி கத்தவில்லை என்பதால் இல்லை என்று ஆகாது.
மண்ணைச் சுரண்டி, வேரை வெட்டி,
ஜெசிந்தா வந்து திரும்பவும் பார்த்து
அதற்குப் பிறகுதான் வெள்ளைக் கட்டை நடுவோம்.
வெள்ளைக் கட்டையை நம்பி
ஆரோ ஒருவன் கச்சான் போடுவான்.
அவன்ரை பிள்ளை செருப்பில்லாமல் ஓடும்.

கருவி கத்துகிற இடத்தில்
அனேகமாக மீன்ரின் மூடி,
முள்ளுக்கம்பித் துண்டு,
ஒருமுறை ஒரு சின்னக் காப்பு.
என்றாலும் எல்லாவற்றையும்
வெடி என்றே நினைத்துத்தான் கிட்டப் போவோம்.
அந்த அதிகாரியும் என்னை அப்படித்தான் கிட்டுவார்.
அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

"ஆம் எண்டு போடு."
"அக்கா, யோசிச்சோ?"
"போடு."

சுட்டியை அமர்த்தினான்.
கேள்விக்குக் கீழே
புதிதாக ஒரு பெட்டி விரிந்தது,
பெரியது, வெறுமை.
விவரம் தருக.

"ஆமெண்டா ரெண்டு பக்கம் கூட வரும்,
ஒரு பக்கம் முப்பது ரூவா,"
என்றான், கொஞ்சம் கோபமாக.
பிறகு விசிறியைக் கையால் பிடித்து
என் பக்கம் திருப்பி வைத்தான்.
அது மெல்ல மெல்லப் பிரிண்டருக்கே திரும்பிப் போனது.

கதிரையில் முன்னுக்குச் சரிந்து
கீபோட்டை என்னிடம் இழுத்துக்கொண்டேன்.
இடப்பக்க மூலையில்
மின்னி மின்னி நின்றது கோடு.
அங்கிருந்து தொடங்கினேன்,
ஒரு விரலால்.