பின்சந்து

வரைபடத்தில் இருபத்தேழு கட்டடங்கள்.
பதினொன்றாவதன் முன் நிற்கையில்
எனக்கு அவசரமாக ஒன்றுக்கு வந்தது.

வழிகாட்டி கெங் ஹூய்
கூரை விளிம்பில் நின்ற பீங்கான் சேவலைக் காட்டினான்.
உடைந்த கிண்ணங்களால் ஆன வால், என்றான்.
எல்லோரும் கழுத்தை நிமிர்த்தினார்கள்.
நான் கால்களைச் சேர்த்துக்கொண்டேன்.

அஞ்சடியோடு நடந்தேன்.
முதல் கடையில், வாடிக்கையாளருக்கு மட்டும்.
அடுத்ததில் ஒரு கோப்பி பதினெட்டு வெள்ளி,
குடித்தால் இன்னும் வரும்.
மூன்றாவதில் ஆளே இல்லை,
சுவர் முழுக்க
வேண்டுமென்றே உதிரவிட்ட சுண்ணாம்பு.
பழைய பச்சையை அழுக்கு கலையாமல் காப்பதற்கு
எவ்வளவு செலவாகியிருக்கும்!

பின்சந்துக்குள் திரும்பினேன்.
இங்கே என்ன நிறம் பூசுவதென்று
யாரும் கூட்டம் போட்டிருக்க மாட்டார்கள்.
குளிர்சாதனப் பெட்டிகள் சொட்டிக்கொண்டிருந்தன.
ஒரு பூனை, மீன்தலை, சுருட்டிய நீலக் குழாய்.
அப்புறம் முழங்கால் உயரத்தில்,
வீட்டுக்கு வீடு அதே இடத்தில்,
செங்கல் வைத்து அடைத்த
சின்னச் சின்னச் சதுரங்கள்.

சமையற்கட்டு வாசலில்
பனியனோடு ஒருவர் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார்.
நான் பார்ப்பதைப் பார்த்தார்.
"வாளி எடுக்குற ஓட்டைங்க அது.
ராத்திரியில வெளியே இருந்தே இழுத்துடுவாங்க."

யார் இழுப்பார்கள் என்று அவர் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
"உங்களுக்கு எந்த ஊரு?" என்றார்.
"சுங்கை பட்டாணி."
"எஸ்டேட்டா, டவுனா?"
"டவுன்" என்றேன்,
கொஞ்சம் வேகமாகவே.

என் நிற்பைக் கண்டு அவருக்கே புரிந்திருக்க வேண்டும்.
"உள்ள போயிட்டு வாங்க,
மொதலாளி மேல இருக்காரு."

வெள்ளை ஓடு. மல்லிகை மணக்கும் ஏதோ ஒரு புட்டி.
பொத்தானை அமுக்கினேன்.
எங்கோ போயிற்று,
யாரையும் எழுப்பாமல்.

திரும்பியபோது பதினான்காவதுக்கு வந்திருந்தார்கள்.
"எதை விட்டுட்டேன்?"
"ஒண்ணுமில்ல, ரெண்டு கதவு" என்றாள் குணசுந்தரி,
கைப்பேசியை உயர்த்தியபடி.
தூணின் தலையில் சுருண்ட இலைகள்,
அதற்கும் மேலே ஒரு வருடம்,
கெங் ஹூய் அதை உரக்க வாசித்தான்.
நான் இந்த வீட்டின் முதுகு
எந்தப் பக்கம் இருக்கும் என்று
கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

மழை பிடித்தது.
எல்லோரும் குடையை விரித்தார்கள்.
என்னுடையதை
அந்தச் சமையற்கட்டில் விட்டு வந்தது
அப்போதுதான் ஞாபகம் வந்தது.