அலமாரிக்குமா?

ட்ரொண்ட்ஹைமில் முதல் வாரமே
குளிர்பெட்டிமேல் ஒரு சீட்டு:
காலை ஆறு மணிக்கு அலமாரியை
அடித்துச் சாத்துகிறவர் யாராயினும், தயவுசெய்து.
கீழே ஒரு சிரித்த முகம் வரைந்திருந்தார்கள்.

நான்தான்.

பதினெட்டு வருடம் நான் சாத்திய எந்தக் கதவுக்கும்
வீட்டில் யாரும் திரும்பியதில்லை.
அப்பாவைக் கூப்பிடத் தரையை உதைப்பேன்,
பலகை வழியே அவர் குதிகாலுக்குச் செய்தி போகும்.
அம்மாவுக்கு விளக்கு: அணை, போடு, அணை, போடு.

மீன் சூப் வைத்த அன்று
எல்லாரையும் சாப்பிடக் கூப்பிட
பழக்கதோஷத்தில் ஸ்விட்சைத் தட்டினேன்.
வேபியோர்ன் ஃபியூஸ் பெட்டியைப் பார்க்கப் போனான்.
பேசினால் முகத்தையே முறைக்கிறாள் என்று
டீரில் மற்றவர்களிடம் சொன்னாள்.
சுவர் மெல்லியது.
எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

அவள் அப்பா இதே பல்கலைக்கழகத்தில் படித்தவர்.
பேராசிரியருக்கு எப்படி எழுதுவது,
எந்தப் புத்தகத்தைப் படிக்காமலே விடலாம்,
எல்லாம் சாப்பாட்டு மேசையில் அவள் காதில் விழுந்தவை.
என் காதிலும் விழுந்தது நிறைய.
எட்டு வயதில், போனில், வங்கிக்காரர்:
படகுக்குக் கடன் இல்லை.
அதை என் விரல்கள் அப்பாவிடம் சொல்லின.
கோபம் வங்கியின்மேல்,
முகம் என்னைப் பார்த்து.
பதினொன்றில் மருத்துவர் அறை, அம்மாவின் கர்ப்பப்பை.
எனக்கே அர்த்தம் தெரியாத ஒரு சொல்லுக்கு
அங்கேயே ஒரு சைகை செய்துகொண்டேன்.

அதனால் கருத்தரங்கில் நான் கெட்டிக்காரி.
ஒருவர் திக்கினால் எடுத்துக் கொடுப்பேன்.
இருவர் மோதிக்கொண்டால்
இவர் சொல்வதை அவருக்குப் புரியவைப்பேன்.
மூன்றாம் வாரம் யோர்டிஸ் பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்:
சரி சுன்னிவா, நீ என்ன நினைக்கிறாய்?

மேசைக்கடியில் விரல்கள்
அந்தக் கேள்வியை யாருக்கோ பெயர்த்து முடித்து
பதிலுக்குக் காத்திருந்தன.
வெளியே நாலு மணிக்கே இருட்டிவிட்டது.

ஞாயிறு வீடியோவில் அம்மாவிடம்
அதைச் சொல்லவில்லை. அலமாரியைச் சொன்னேன்.
அவள் புருவம் உயர்ந்தது.
கதவுக்குச் சத்தம் உண்டென்று தெரியும், என்றாள்.
அலமாரிக்குமா?
கரண்டிக்கு? சாவிக்கு? பனிக்கு?
பனிக்கு இல்லை, என்றேன்.
பிறகு திருத்தினேன்: மிதித்தால் உண்டு.

அப்பா எழுந்து போய்
எங்கள் சமையலறை அலமாரியைத் திறந்து,
பக்கத்துப் பலகையில் உள்ளங்கையை வைத்து,
ஓங்கிச் சாத்தினார்.
இன்னொரு தடவை.
பக்கத்து அறையில் டீரிலின் நாற்காலி நகர்ந்தது.

நான் ஒலியைக் குறைக்கவில்லை.